உதிரிபாகப் பதிவேடு

கலிஸ்டோவின் பேரவையில்
நூற்றுப் பன்னிரண்டு மேசைகள்.
ஒவ்வொன்றிலும் இரண்டு விளக்கு:
ஆம் என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு.
எரிந்துபோனதை மாற்றுவது என் வேலை.
பெயர் வாஜா. மின்பணியாளர், இரண்டாம் நிலை.
வரலாறு எனக்குத் தெரியாது.
உதிரிபாகப் பதிவேடு தெரியும்.

முதல் ஆண்டு
பச்சை நாற்பது, சிவப்பு முப்பத்தெட்டு
கேட்டு வாங்கினேன்.
பனிக்கட்டி உருக்கும் செலவு யார் தலையில் என்று
கூரைக்கு மேல் வியாழன் சாயும்வரை
கத்திக்கொண்டிருப்பார்கள்.
ஒருவர் ஆத்திரத்தில் அழுத்தி
விசையையே உடைத்துவிட்டார்.
அதை ஒட்டிக் கொடுத்தவனும் நான்தான்.

பிறகு வடக்குக் குழாய் வெடித்தது.
பதினொரு பேர்.
யார் வைத்த வெடி என்று இன்றும் தெரியாது,
தெரிந்த மாதிரியே எல்லோரும் பேசினார்கள்.
தளபதி இராக்லிக்குத் தொண்ணூறு நாள் அதிகாரம்.
தொண்ணூறே நாள்.
பார்வையாளர் மாடத்தில் நின்று
நானும் கைதட்டினேன்.
மறைக்கப் போவதில்லை.
அன்று வீட்டில் குழாயைத் திறந்தால்
தண்ணீர் வந்தது.

தொண்ணூறு முடிந்தது. இன்னொரு தொண்ணூறு.
மேசைகள் வயல் மாதிரி பச்சையாய் நின்றன
(வயலை நான் பார்த்ததில்லை,
படத்தில் பார்த்ததைச் சொல்கிறேன்).

ஐந்தாம் ஆண்டு: பச்சை அறுநூறு.
சிவப்பு ஒன்று.

அந்த ஒன்று எழுபத்தோராம் மேசை,
நேஸ்தான் ஜக்கேலி.
சட்டம் படித்தவர், மூக்கடைப்போடு பேசுவார்,
பாதிப் பேச்சில் தாளைத் தொலைத்துவிட்டுத் தேடுவார்.
யாருக்கும் அவரைப் பிடிக்காது, எனக்கும்தான்.
ஒவ்வொரு முறையும்
அவ்வளவு பெரிய மண்டபத்தில்
அணையாத ஒற்றைக் கங்கு.

கைதெல்லாம் செய்யவில்லை.
மேசையை மட்டும் தூணுக்குப் பின்னால் தள்ளினார்கள்.
கம்பியை நீட்டிக் கொடுத்தேன்.
அப்புறம் ஒரு கூட்டத்துக்கு அவர் வரவில்லை.
உடம்பு சரியில்லை என்றார்கள்.

எதையும் இடிக்கவில்லை.
பேரவை கூடுகிறது,
தீர்மானம் வாசிக்கிறார்கள், தேநீர் வருகிறது.
நாணயத்தில் குடியரசு என்றுதான் இருக்கிறது.
தளபதி தன்னை அரசன் என்று சொன்னதே இல்லை;
யாராவது சொல்லிவிட்டால்
முகம் வாடிவிடுகிறது.

போன மாதம் மேலிடத்து உத்தரவு:
பயன்படாத விளக்குகளைக் கழற்றி
வேளாண் பிரிவுக்கு அனுப்பவும்.
சிவப்பு வெளிச்சத்தில் கீரை நன்றாக வருமாம்.

நூற்றுப் பதினொன்று கழற்றினேன்.
சிலவற்றில்
தொழிற்சாலைத் தாள் இன்னும் ஒட்டியிருந்தது.
துளைகளை மூடி போட்டு அடைத்தேன்.
தூணுக்குப் பின்னால் போகவில்லை.
ஏன் என்று கேட்டால் முழங்கால் வலி என்பேன்.
பதிவேட்டில் நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.
யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இன்று ரேஷனில் கீரை கொடுத்தார்கள்.
சும்மா சொல்லக்கூடாது,
நல்ல ருசி.