வெறும் எடை

நசியனூர் ரோட்டு எடைமேடையில்
பதினாறு வருசமாக நான்தான் சீட்டுக் கிழிக்கிறேன்.
மஞ்சள் மூட்டையோடு லாரி ஏறும், ஒரு எண்.
இறக்கிவிட்டு வெறும் வண்டியாய் வரும், இன்னோர் எண்.
கழித்தால் சரக்கு.
சிலர் முதல் எடைக்குத் தண்ணீர்த் தொட்டி நிரப்பி வருவார்கள்,
இரண்டாம் எடைக்குக் காலி.
முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

அப்பாவின் காரியம் முடிந்து
பீரோவில் பாஸ்புக் தேடிக்கொண்டிருந்தபோது
காபித்தூள் டப்பாவிலிருந்து
தத்துப் பத்திரத்தை எடுத்து நீட்டினாள் அம்மா.
"உனக்கு முப்பத்தெட்டு ஆச்சு. இனி நான் வெச்சிருக்கப்படாது."

எனக்குத் தெரியும்.
ஆறாம் வகுப்பில் மாங்காய்ச் சண்டையில்
பெரியப்பன் மகன் சொல்லிவிட்டான்.
எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.
இருபத்தேழு வருசம்
இருவரும் அந்த டப்பாவைச் சுற்றியே நடந்திருக்கிறோம்.

தாராபுரத்தில் குழந்தைகள் இல்லம் இருந்த இடத்தில்
இப்போது பழைய டயருக்கு ரப்பர் ஒட்டுகிறார்கள்.
அன்றைக்கு அது பெரியார் மாவட்டம்,
பிறகு ஈரோடு என்று பெயர், பிறகு பிரித்துத் திருப்பூரோடு சேர்த்தார்கள்.
கோடு போட்டவர்கள் என் பைலை
எந்தப் பக்கம் வைத்தார்களோ.

அம்மாவும் கூடவே வந்தாள்.
காங்கயத்தில் டீ குடிக்கும்போது கேட்டாள்,
"ஏங்கண்ணு, அவ உன்னையாட்டவே இருப்பாளா?"
நான் சில்லறை எண்ணினேன்.

திருப்பூரில், குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்தில்,
திலகமணி மேடம் வெள்ளைத்தாளில் மனு எழுதச் சொன்னார்.
பத்திர நகல், ஆதார் நகல், இரண்டு போட்டோ.
"நீங்களாத் தேடிப்போய்க் கதவைத் தட்டப்படாதுங்க.
நாங்க கண்டுபிடிச்சு, நாங்களே கேட்போம்.
அவங்க சரின்னாத்தான் பேரு."

ஆஸ்பத்திரிப் பதிவேடு முதலில் கிடைத்தது.
பெயரும் ஊரும் கறுப்பு மையில் அடித்த ஜெராக்ஸ்.
எண்களை மட்டும் விட்டிருந்தார்கள்:
சேர்க்கும்போது தாய் 43 கிலோ.
குழந்தை, பெண், 1.9.
அனுப்பும்போது தாய் 38.
கழித்தேன். ஐந்து.
குழந்தை போக, நஞ்சு, நீர், ரத்தம் போக
இன்னும் கொஞ்சம் கணக்கில் வரவில்லை.
தொழில் புத்தி,
விடியும்வரை அந்தக் கொஞ்சத்திலேயே நின்றேன்.

தை மாதம், மஞ்சள் வரத்துத் தொடங்கிய வாரம், கூப்பிட்டார்கள்.
உயிரோடு இருக்கிறாள்.
பார்க்க விருப்பமில்லை.
வீட்டில் யாருக்கும் தெரியாது.
போட்டோ வேண்டாம், கடிதம் வேண்டாம்.
திலகமணி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"கையெழுத்துப் போட்டுட்டு வாசல் வரைக்கும் போனாங்க.
திரும்பி வந்து ஒண்ணு சொன்னாங்க.
சர்க்கரை இருக்குதாம். அவங்கம்மாளுக்கும் இருந்துச்சாம்.
நாப்பதுக்குள்ள வந்துருமாம்.
அந்தப் புள்ளையப் பாத்துக்கச் சொல்லுங்கன்னாங்க."

ஊத்துக்குளி வரைக்கும் அம்மா பேசவில்லை.
யாருக்கென்று சொல்லாமல் வாங்கி வைத்திருந்த
அரைக்கிலோ மைசூர்பாகு அவள் மடியில்.
"ஒருக்காப் பாத்துட்டுப் போனா என்ன கொறஞ்சா போயிருவா?"
என்றாள் ஜன்னலிடம்.
கோபமா, நிம்மதியா,
இந்த ஒரு முகத்தை எனக்கு எடைபோட வரவில்லை.

சனிக்கிழமை வெறும் வயிற்றோடு
பெருந்துறை ரோட்டு லேபில் படிவம் நிரப்பினேன்.
குடும்பத்தில் யாருக்கேனும் சர்க்கரை நோய்?
எங்கே போனாலும் இந்தக் கட்டத்தில்
குறுக்கே ஒரு கோடு இழுத்துத்தான் பழக்கம்.
பேனா சரியாக எழுதவில்லை. வேறு வாங்கி எழுதினேன்:
அம்மா. அம்மாவின் அம்மா.
"பேரும் எழுதோணுங்களா?"
"வேண்டாங்க, உண்டுன்னு இருந்தாப் போதும்"
என்றாள் அந்தப் பெண்,
என் முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையை இறுக்கிக்கொண்டே.