ஏழாம் நம்பர் கேட்டது

ஸ்டுடியோவில் எனக்குப் பெயர் கிடையாது.
"ஏழு, லைன் கொடு" என்பார்கள்.
ஏழு கொடுக்கும்.
ஏழுக்குக் காதும் உண்டு என்பது
ஒருவருக்கும் நினைவிருப்பதில்லை.

முப்பத்தெட்டாம் வருஷத்து ஹாலிவுட்டில்
காதல், விளம்பர இலாகாவின் வேலை.
செவ்வாய், வெள்ளி மதியங்களில்
லோவெல் ப்ராக்கெட்டும் இமோஜென் ஃபேரலும்
ஒரே மேஜையில் உருக வேண்டும்.
உருகினார்கள்.
அவள் சென்ட் பட்டாலே அவனுக்குத் தும்மல்;
கேமரா பல்பு வெடிக்கும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்ப்பான்.
அந்தப் பார்வைக்குத்தான்
ஒஹையோவில் அத்தனை பெண்கள் கிறங்கினார்கள்.

இது பழைய செய்தி. காசு பெயராது.

பெயர்வது இது:
தினம் இரவு ஒன்பதேகாலுக்கு
ஒப்பனை அறையிலிருந்து இமோஜென்
யாருக்குப் போன் செய்கிறாள்?

கேட்டவள் ஹார்டென்ஸ் வாட்லி.
நாற்பது பத்திரிகைகளில் அவள் பத்தி வரும்.
அவள் தொப்பியில் குத்திய பறவைகூட
ஒட்டுக்கேட்கும் என்பார்கள்.
"நம்பரைச் சொல். மூன்று ஜோடி பட்டு ஸ்டாக்கிங்."
என் காலில் இருந்ததோ
நகப்பூச்சால் ஓட்டையடைத்த ஒரே ஜோடி.
ஆனாலும் சொல்லவில்லை.
நல்லவள் என்பதால் அல்ல,
விலை ஏறட்டும் என்று.

அவள் சும்மா இருப்பாளா?
முடி சுருட்டும் பெண்ணைக் கதவோரம் நிறுத்தினாள்.
கதவு விழுங்கியது போக மிஞ்சியவை:
"ராஜாவை மூலையில் நிறுத்தியாச்சு.
கோட்டை உங்களுக்குத்தான்.
குதிரை தயார்.
ராணி போனாலும் பரவாயில்லை."

வெறும் வாயை மெல்பவளுக்கு அவல்!
மறுநாள் காபி ஆறுவதற்குள் நாடே படித்தது:
இமோஜெனுக்கு ஐரோப்பிய இளவரசனோடு
ரகசிய நிச்சயதார்த்தம்.
மாமனார் ராஜா மூலையில் முடங்கிவிட்டார்.
சீதனமாய் ஒரு கோட்டை.
ஓடிப்போகக் குதிரை.
மாமியார் ராணிதான் முட்டுக்கட்டை.

ஒரு நகைக்கடை
'கிரீடம் வாடகைக்கு' என்று பலகை மாட்டியது.
முகம் வாடச் சொல்லி லோவெலுக்கு உத்தரவு போனது;
அன்றுதான் அவன் தும்மாமல்
இரண்டு ஸ்டீக் சாப்பிட்டான்.
வியாழக்கிழமை ஓர் இளவரசனே வந்து நின்றான்,
மீசையும் பதக்கமுமாய்.
க்ளீவ்லண்டில் அவன் பரிமாறிய சூப்பை
எங்கள் வாயிற்காவலர் குடித்திருக்கிறார்.
உப்பு கம்மி என்றார்.

இமோஜென்?
வழக்கம்போல் ஒன்பதேகாலுக்கு
"என் யானையைச் சிப்பாயை விட்டா வெட்டினீர், பாவி மனுஷா"
என்று எதிர்முனையிடம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எதிர்முனை யார் என்பதில்தான் இருக்கிறது.

வெள்ளி இரவு
உணவக பூத்திலிருந்து ஹார்டென்ஸ் கத்தினாள்:
"நம்பர்கூட வேண்டாம், ஏழு.
அந்த இளவரசனுக்கு இப்போதே லைன் கொடு!"
"பிஸி, மேடம்."
சத்தியமாய்ப் பிஸி.
நாற்பது நிமிஷம் நாணயம் நாணயமாய்ப் போட்டாள்.
ஆட்டம் முடிந்ததும் சொருகினேன்.
மூன்றாவது மணியில்
கொட்டாவியோடு ஓர் ஆண்குரல்:
"வாட்லி வீடு. கிளெட்டஸ் பேசுகிறேன்.
மனைவியா? ஊர்க்கதை பொறுக்கப் போயிருக்கிறாள்.
பதினோரு வருஷமாகவே."

அதன்பின் லைனில் ஓடிய மௌனத்துக்கு
தனிக் கட்டணம் வசூலித்திருக்கலாம்.

சனிக்கிழமைப் பத்தியில்
ஒரு நடிகரின் நாய்க்குப் பல்வலி, அவ்வளவுதான்.
திங்களன்று எனக்கு ஒரு பெட்டி வந்தது.
மூன்று ஜோடி சொன்னவள் ஆறு அனுப்பியிருந்தாள்.
சீட்டு இல்லை.
வாயை மூட என்று புரிந்துகொண்டு
காலில் மாட்டிக்கொண்டேன்.

அன்று ஒன்பதேகாலுக்கு லைன் கொடுத்தால்
முதல் மணி முழுதாய் அடிக்கவில்லை,
எடுத்தது பெண்குரல்:

"இமோஜெனா? இரு, கிளெட்டஸிடம் தருகிறேன்.
அதற்குமுன் ஒன்று சொல்.
இந்தக் குதிரை
ஏன் நேராகவே போக மாட்டேன் என்கிறது?"