கழித்தல் நாற்பத்தொன்று

ஐஸ்லாந்து, வடமேற்கு மூலை, ஜூலை.
இரவு பதினொன்றரைக்கும் வெயில் காய்கிறது
கம்பளியைத் தானே போர்த்திய ஆடுகள் மேல்.
தொலைபேசியில் தோர்கில்ஸ்,
ஆற்றுமீன் சங்கத்தின் பொருளாளர்:
"உன் பெட்டி சொல்கிறபடி
நம் ஆற்றில் இன்றைக்கு
கழித்தல் நாற்பத்தொரு சால்மன்.
அத்தனையையும் யாரிடம் கடன் வாங்கினோம்?"

ஸ்டெயின்வோர் சிரிக்கவில்லை.
ஜீப்பில் மடிக்கணினி, பிளாஸ்க், முழங்கால் வரை பூட்ஸ்.

அருவியோரம் மீன்கள் ஏறக் கட்டிய படிக்கட்டு.
அதன் குறுகிய வாயில் இரண்டு கதிர்கள்,
ஒரு சாண் இடைவெளி, கண்ணுக்குத் தெரியாதவை.
கீழ்க்கதிர் அறுபட்டதும் இன்டரப்ட்.
மைக்ரோகண்ட்ரோலர்
கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வர வேண்டும்;
வந்து மேல்க்கதிரின் பின்னைப் பார்க்க வேண்டும்.
அங்கே இன்னும் வெளிச்சமா, மீன் ஏறுகிறது, கூட்டு.
ஏற்கெனவே இருட்டா, இறங்குகிறது, கழி.
மே மாதம் இதை எழுதிய இரவு
தன்னையே மெச்சிக்கொண்டு
ஒரு பொட்டலம் அதிமதுர மிட்டாய் தின்றாள்.

ஓடி வந்தது, சரி.
வந்ததும் என்ன செய்தது?
சிவப்பு விளக்கை ஏற்றியது.
மணி என்ன என்று கடிகாரச் சில்லைக் கேட்டது.
"யாரோ வந்தார்கள்" என்று
நினைவட்டையில் நிதானமாக எழுதியது.
அப்புறம் தலையை நிமிர்த்தி
யார் என்று பார்த்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டு
மூக்குக்கண்ணாடி தேடி, செருப்புத் தேடி,
தலைவாரிக்கொண்டு போய்த் திறந்தால்
யார் நிற்பார்கள்?

புள்ளி வைத்த எழுத்துக்கு
அரை மாத்திரைதான் ஆயுள்.
அந்த அரை மாத்திரைக்குள்
லட்சம் லட்சமாய்த் துடிக்கும் இந்தச் சில்லு.
மீன் ஒரே ஒரு முறை வாலடிக்கும்.
அது போதும்.
மேல்க்கதிரும் இருட்டு.
ஏறியது இறங்கியதாகி ஏட்டில் ஏறிவிட்டது.

சோம்பி ஏறியவை மட்டும் கணக்கில் சரியாக விழுந்தன.
கடல் கொடுத்த தெம்பு வற்றாமல்
ஒரே பாய்ச்சலில் போனவை எல்லாம்
ஆற்றைவிட்டு வெளியேறியவை.

மூக்கில் புகும் சிற்றீக்களை ஊதித் தள்ளியபடி
ஒரே ஒரு வரியை நகர்த்தினாள்,
ஆறாவதிலிருந்து முதலாவதுக்கு.
வந்ததும் பார்.
எட்டுப் பின்களையும் ஒரே மடக்கில் வாசித்து
ஒரு மாறியில் முடிந்துவை.
விளக்கு, மணி, எழுத்து எல்லாம்
இன்டரப்டை விட்டு வெளியே போன பிறகு, ஆற அமர.

அப்போதும்
கதிர் அறுவதற்கும் கண் திறப்பதற்கும் நடுவே
இரண்டு மூன்று மைக்ரோநொடி கிடக்கிறது.
எவ்வளவு சுரண்டினாலும் போகாத அடிப்பற்று.
பார்க்கிறதெல்லாம் கொஞ்சம் பழசுதான்.
அதற்குள் நழுவ
மீனுக்குச் சாமர்த்தியம் போதாது என்று
விட்டுவிட்டாள்.

சோதித்துப் பார்க்க
அந்த நேரத்தில் ஒரு மீனும் வரவில்லை.
இடது பூட்ஸைக் கழற்றிக் கயிற்றில் கட்டி
கீழிருந்து மேலே வெடுக்கென்று இழுத்தாள்.
ஒற்றைக்காலில் நிற்க முயன்று
பனி உருகிய தண்ணீரில் மற்றதையும் வைத்தாள்.
திரையில்: கூட்டல் ஒன்று.

காலையில் தோர்கில்ஸ் கேட்டார்,
"அப்போ உண்மையில் எத்தனை?"
தெரியாது.
பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்காத பின்னின் நிலை
எந்த அட்டையிலும் இல்லை.
மே, ஜூன், பாதி ஜூலை,
அப்படியே கிடக்கட்டும் என்றாள்.

அவர் பென்சிலை நாக்கில் தொட்டு
ஏட்டில் எழுதினார்: கழித்தல் நாற்பது.
"நேற்றைக்கு இன்று தேவலை."

அந்த ஒன்று
முப்பத்தொன்பதாம் அளவு, இடது கால் என்று
அவள் சொல்லவில்லை.
சாக்ஸ் இன்னும் காயவில்லை.