சனிக்கிழமைப் பேர்

வெள்ளிக்கிழமை
கொழுந்து நிறுத்ததும் ஓடிவருவேன்.
அப்புத்தளையில் சூரியன் மறைவதை
யாரும் பார்ப்பதில்லை.
பள்ளத்திலிருந்து ஏறிவரும் மூட்டம்
மூன்று மணிக்கே அதை வாரிக்கொண்டு போய்விடும்.
கலண்டரில் நப்தலி பென்சிலால் குறித்த நேரம்தான்
எங்கள் வீட்டுக்கு அந்தி.

அதற்குள் தண்ணீர் கொதிக்கவேண்டும்.
இரண்டு பிளாஸ்க்: ஒன்றில் வெந்நீர், ஒன்றில் சாயம்.
மலை முழுக்கத் தேயிலை,
நாளைக்கு எங்கள் அடுப்பு எரியாது.
சட்டிக்கு மேலும் கீழும் தணல் வைத்து
இரண்டு பாண் சுடுகிறேன்;
ஒன்று எப்போதும் ஒருபக்கம் கருகும்.
கருகிய பக்கம் தெரியாமல்
லேஞ்சியால் மூடிவைப்பேன்.

நிலையில் சாய்வாக அறைந்த சின்னக் குழாயை
தாயத்தா என்று கேட்டாள் பக்கத்துக் காம்பிரா செங்கமலம்.
கடிதம் என்றேன்.
யாருக்கு?
வீட்டுக்கு.
அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை,
கரண்ட் போன அந்த வெள்ளிக்கிழமை வரை.

கண்ணை மூடி ஆசி சொல்லித் திறந்தால்
லயம் முழுக்க மெழுகுதிரி.
"நெருப்புப்பெட்டி குடு புள்ள" என்று வந்து நின்றாள்.
தொடக்கூடாது, தரக்கூடாது,
இல்லை என்றும் சொல்லக்கூடாது.
"அந்தா, மேசையில. நீயே எடுத்துக்க அக்கா."
"ஓ, ஒங்களுக்கு ஆரம்பிச்சிருச்சா?" என்றாள்,
மழையைக் கேட்பதுபோல.

சனிக்கிழமை காலை
யாயேலின் கணுக்காலில் அட்டை.
பாண் தொட்ட உப்பு பீரிசில் இருக்கிறது.
போடலாமா, கொல்லலாமா,
நப்தலி புத்தகத்தைப் புரட்டப் போனான்.
பக்கத்தைக் கண்டுபிடித்து அவன் வருவதற்குள்
அது வயிறு நிறையக் குடித்து
தானாகவே விழுந்து போனது.

"சனிக்கிழமை ஒனக்குப் பேர் இல்ல"
என்கிறார் கணக்கப்பிள்ளை.
மாதத்துக்கு நாலு பேர், சில மாதம் அஞ்சு.
செக்ரோலில் என் வரிசையில்
நாலு வெற்றுக் கட்டம்.
சம்பளத்தன்று அதை எண்ணி
நான் முணுமுணுத்தபோது நப்தலி சொன்னான்:
எழுதியிருக்கும் பெயரை நாங்கள் வாயால் சொல்வதில்லை,
அதற்குப் பதிலாக
'அந்தப் பேர்' என்போம், அவ்வளவுதான்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அப்போ எம்பேரு எங்க போகுதுன்னு
இப்பத்தானே தெரியுது.
ஆனாலும் அந்த மாதம்
அரிசிக்கடையில் கடன்தான்.

சனி இரவு
மூன்று நட்சத்திரம் தெரிந்தால் முடிந்தது.
மூட்டத்தில் யாயேல் எண்ணுகிறாள்:
பெக்டரி பல்பு சேராது,
பதுளை ரயில் சேராது,
தியத்தலாவைப் பக்கம் மினுங்குவது
என்னவென்று யாருக்கும் தெரியாது.
சாயம் ஆறிப்போய்விட்டது.
விறகு அடுக்கியபடியே இருக்கிறது.
மணியைப் பார்த்தால் எப்போதோ முடிந்திருக்கும்,
நப்தலிக்கும் அது தெரியும்.
"இன்னுங் கொஞ்சம் பாரு புள்ள" என்கிறேன்,
திங்கட்கிழமைக் கூடை
சுவரில் தொங்குகிறது.