துடைத்ததை

கிளைபெதா துறைமுகத்தில்
நாற்பது டன் பெட்டியைத் தூக்கி
முட்டை வைப்பதுபோல் கப்பலில் வைப்பவன் நான்.
காற்று எந்தப் பக்கம் இழுக்கும்
கம்பி எந்த நொடியில் ஆடும்
எல்லாம் என் விரலுக்குத் தெரியும்.

வீட்டில்,
நாலேகால் வயது உக்னே
ஒரு கிண்ணம் பீட்ரூட் சூப்போடு
அடுப்படியிலிருந்து மேஜைக்கு வருகிறாள்.
அவள் காலுக்குப் பதினொரு அடி.
எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

ராமுனேவுக்கு மருத்துவமனையில் இரவுப் பணி.
வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே சொன்னாள்:
"அவளே செய்யட்டும். நீ கையைக் கட்டிக்கொள்."
கட்டிக்கொண்டேன்.
பதினேழு வருட வேலையில்
இவ்வளவு கனமாக எதையும் நான் தூக்கியதில்லை.

வெள்ளரியை அவள்தான் நறுக்கினாள்,
வெண்ணெய் தடவும் கத்தியால்.
ஒரு துண்டு கட்டைவிரல் தடிமன்,
அடுத்தது மறுபக்கம் ஜன்னல் தெரியும் மெலிசு.
உரித்த முட்டையில் பாதி வெள்ளை ஓட்டோடு போனது.
சதகுப்பைக் கீரையைக் கிள்ளச் சொன்னால்
மோந்து பார்த்து மூக்கில் ஒட்டிக்கொண்டாள்.
புளித்த மோரில் பீட்ரூட் துருவல் விழுந்ததும்
"அப்பா, என் டூத்பேஸ்ட் கலர்!"

ஏழாவது அடியில் கிண்ணம் சாய்ந்தது.
"அப்பா, கை!"
என் கை எப்போது அவிழ்ந்ததென்று
எனக்கே தெரியவில்லை.

சிந்தியது.
அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.
கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத்
துணி எடுக்கப் போனாள்.
துடைக்கத் துடைக்கக் கறை வளர்ந்தது.
தட்டளவு இருந்தது தாம்பாளமாகி
அலமாரிக்கு அடியிலும் ஒரு கை நீட்டியது.
துணியைப் பிழிந்தாள்; முழங்கை வரை வழிந்தது.
"சுத்தம்" என்றாள்.
"சுத்தம்" என்றேன்.

ஜூன் மாதம், பத்து மணிக்கும் வெளிச்சம்.
அவள் தூங்கிய பிறகு
ஓசைப்படாமல் மண்டியிட்டேன்.
ஐந்து நிமிடம்.
தரை கண்ணாடி.
திருடன்கூட இவ்வளவு கவனமாக இருந்திருக்க மாட்டான்.

காலையில்
ஒற்றைக் காலுறையோடு வந்து நின்றாள்.
குனிந்து, விரலால் தேய்த்து, விரலைப் பார்த்தாள்.
"நான் துடைச்சதை
யார் துடைச்சது?"

நான்தான் என்றேன்.
அழுதிருந்தால் தூக்கிக்கொண்டிருப்பேன்,
கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.
அவள் நாற்காலியைத் தொட்டி வரை இழுத்துப் போய்
ஏறி நின்று
எனக்கு முதுகு காட்டியபடி
கரண்டிகளைக் கழுவத் தொடங்கினாள்.
ஒவ்வொரு கரண்டியும் இரண்டு தடவை.

இன்று வெள்ளி.
மேஜையின் இடதுகால் பக்கம்
நாணயம் அளவுக்கு ஒரு சிவப்பு காய்ந்து கிடக்கிறது.
நேற்று அவள் சிந்தியது,
நேற்றே அவள் துடைத்தது.
பணி முடித்து வந்த ராமுனே அதைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
எடுத்த துணியை மறுபடி ஆணியில் மாட்டினாள்.

கையில் தட்டோடு போகும்போதெல்லாம்
நாங்கள் இருவரும்
அதைத் தாண்டித்தான் நடக்கிறோம்.
அவள் மட்டும்
நேராக மிதித்துப் போகிறாள்.