முப்பத்தெட்டு

கீழமாரட் வீதியில் மூட்டை பிரித்து
ஒரு சின்ன வெங்காயத்தை நகத்தால் கிள்ளி
"முப்பத்தெட்டு" என்றவர்
அப்படியே தராசின் மேல் சாய்ந்தார்.
அன்றிலிருந்து அந்த வாய்க்கு அது ஒன்றுதான்.

தண்ணீர் வேண்டும்: முப்பத்தெட்டு.
ஃபேனை நிறுத்து: முப்பத்தெட்டு.
பேரனுக்குக் காய்ச்சல் விட்டதா என்பது
கடைசியில் கொஞ்சம் தூக்கிச் சொல்கிற
முப்பத்தெட்டு.

பெரியாஸ்பத்திரியில்
பேச்சுப் பயிற்சி தருகிற பெனாசிர்
பசுமாட்டுப் படத்தைக் காட்டினாள்.
வலக்கை அடுத்தவர் சாமான்போல மடியில் கிடக்க
இடது விரல்களால் பால் கறந்து காட்டினார்.
வாயைத் திறந்தார். முப்பத்தெட்டு.
நெற்றியில் அடித்துக்கொண்டார்.
"அவருக்குத் தெரியும்மா" என்றாள் அவள்,
"சரக்கெல்லாம் உள்ளதான் இருக்கு.
ஷட்டர்தான் மாட்டிக்கிச்சு."

இது விளங்காத சகலை சேர்மக்கனி
செவிடனிடம்போலக் கத்துகிறார்:
"நான் யாரு? சொல்லுங்க பாப்போம், யாரு?"
இவர் என்னைப் பார்க்கிறார்.
அவன் திருப்பித் தராத கடன்வரைக்கும்
ஞாபகம் இருக்கிற பார்வை.

சூடான காபி தொடையில் சிந்திய அன்று
முழுசாக, ஓர் எழுத்துப் பிசகாமல்
ஒரு கெட்ட வார்த்தை.
இருபத்தாறு வருசம் அதற்காகவே சண்டை பிடித்தவள்
துடைக்கத் துணி எடுக்காமல் நின்றேன்,
இன்னொரு தடவை வருமா என்று.

என் பேர் பேச்சி.
இரண்டு உதடும் ஒட்டும்.
பே வந்துவிடும்போல இருக்கும்.
மு வந்துவிடும்.
முகத்தைத் திருப்பிக்கொள்வார்.
சில நாள் நானும்.

நேற்று பரமக்குடிக் கடைக்காரர் போன்.
நான் எடுப்பதற்குள் பறித்துக்கொண்டார்.
"முப்பத்தெட்டு."
"அண்ணாச்சி! பேச்சு வந்துருச்சா!
ஆனா ஊரெல்லாம் இருபத்திரெண்டுதான போகுது?"
"முப்பத்தெட்டு." கொஞ்சம் இழுத்து.
"கட்டாதுண்ணே. இருபத்திமூணு."
பதில் இல்லை. மூச்சு மட்டும்.
பிறகு மெதுவாக, வீட்டில் எல்லாரும் சுகமா
என்று விசாரிக்கிற குரலில்,
"முப்பத்தெட்டு."
"சரி, சரி. இருபத்தஞ்சு. உங்க வாய்க்காக."

போனை என்னிடம் நீட்டிவிட்டு
காற்றில் ஒற்றைக் கையால்
சாக்கு வாயைச் சுருட்டிக் காட்டுகிறார்.
எத்தனை மூட்டை என்று
நான்தான் கேட்க வேண்டுமாம்.