கோடு நாற்பத்தேழு

காலை ஆறு பத்துக்கு விமானம் வரும்.
அதற்குள் என்னிடமிருந்து இரும்பைக் கழற்றியாக வேண்டும்:
பெல்ட், சாவிக்கொத்து, கைப்பேசி,
சட்டைப்பையில் ஸ்பிரிங் வைத்த பேனா.
தலைஞாயிற்றுக்குத் தெற்கே, அடப்பாற்றங்கரைத் திடலில்
அலுமினியக் கம்பத்தின்மேல் நிற்கிறது காந்தமானி.
நான் அதற்குக் காவல்.
மேலே பறப்பது கேட்டுவருவதில்
பூமி சொன்னது எவ்வளவு, சூரியன் சொன்னது எவ்வளவு என்று
கழித்துப் பார்க்க
தரையில் அசையாமல் ஒருவன் வேண்டும்.

நாற்பதாயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு.
நாற்பதாயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு.
பதின்மூன்று.
அதன் பேச்சு அவ்வளவுதான்.

முதல் நாளே உத்திராபதி டிராக்டரோடு வந்தார்.
எண்கள் எகிறிக் குதித்தன.
"அண்ணே, வண்டிய கொஞ்சம் அந்தாண்ட..."
"எவ்வளவு அந்தாண்ட?"
"மதகு வரைக்கும்."
விட்டுவிட்டு நடந்து வந்தார்.
"மீத்தேனா?"
இங்கே எல்லாரும் அப்படித்தான் வணக்கம் சொல்கிறார்கள்.

இல்லை என்றேன்.
இந்தக் கருவிக்கு வாயு தெரியாது, எண்ணெய் தெரியாது.
அடியில் கிடக்கும் பாறை
எங்கே முதுகு தூக்குகிறது, எங்கே பள்ளத்தில் படுத்திருக்கிறது,
அது மட்டும் தெரியும்.
"தெரிஞ்சு?"
எங்கே துளை போடலாம் என்று
இன்னொருத்தர் விரல் வைப்பார்.
சொல்லும்போதே என் விரல் நீண்டிருந்தது.
அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாறை எத்தனை ஆழத்துல?"
"இங்க ரெண்டு கிலோமீட்டர் இருக்கலாம்."
"அதுவரைக்கும்?"
"களி, மணல், பழைய கடல்."
"ரெண்டு கிலோமீட்டர் மண்ணு" என்றார்.
"எனக்கு மேல ஒரு முழம் தேறல."

நண்பகலில் பறப்பதில்லை.
காந்த நடுக்கோடு தெற்கே பக்கத்தில்தான்.
பத்து மணிக்கு மேல், நூறு கிலோமீட்டர் உயரத்தில்,
கிழக்குப் பார்த்து ஒரு மின்னாறு பெருக்கெடுக்கும்.
பாறையின் குரல் அதில் மூழ்கிவிடும்.
கடைமடை வாய்க்கால் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்க
எனக்கு மட்டும் தினம் வெள்ளம்:
எழுநூற்று எண்பது, எண்ணூற்றுப் பத்து,
மூன்று மணிக்கு வடியும்.
முறை வைக்காமல் வருகிற ஆறு.
ஒரு நாற்றும் நனையாது.

ஒன்பதாம் நாள்
மதகடியில் நின்ற ஜீப்பில் வரைபடத்தை விரித்தாள் நிலோஃபர்.
நம் அட்சரேகையில் காந்தத்துக்கு எல்லாம் தலைகீழ்.
புதைந்த பாறை மேடாகத் தெரியாது,
குழியாகத் தெரியும்.
அகலமாய், சோம்பலாய் அசையும் பச்சையும் மஞ்சளும் பாறை.
அதன்மேல் அம்மை வார்த்ததுபோல் நீலப் புள்ளிகள்.

"இதெல்லாம் என்ன?"
"இரைச்சல்" என்றாள். "மனுஷன் வச்ச இரும்பு. வடிகட்டிடுவோம்."

உத்திராபதி குனிந்தார்.
பறந்த கோடு நாற்பத்தேழின் மேல்
ஒரு புள்ளியைத் தொடாமல் காட்டினார்.
"இது என் போரு. முந்நூத்தி அறுபது அடி கேசிங். உப்புத்தண்ணி.
இது அஞ்சம்மா.
சங்கத்துல நகைய வச்சுப் போட்டது, இன்னும் மீக்கல.
இது ரெண்டும் அண்ணன் தம்பி,
பாகம் பிரிச்சதும் வீம்புக்கு ஆளுக்கொண்ணு.
இங்க ஒண்ணு இருக்கணுமே...
ஓ, அவன் குழாய உருவி வித்துட்டான்.
இது யாருன்னு தெரியல. பக்கத்து ஊரு."

நிலோஃபரின் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது.
தேநீர் ஆறுகிற அளவுக்கு நின்றது.
பிறகு அழுத்தினாள்.
சம்பளம் அதற்குத்தான், எனக்கும் அவளுக்கும்.

அஞ்சம்மா போனாள். அண்ணன் தம்பி போனார்கள்.
வடகிழக்காக ஒரு முகடு எழுந்து வந்தது,
கருவுற்ற ஆட்டின் வயிறு போல.
அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

"சுத்தமா இருக்கு" என்றார்.
துண்டை உதறித் தோளில் போட்டார்.
அறிக்கையில் இதற்கு ஒரே வரி:
மனித இரைச்சல் நீக்கப்பட்டது.

நான் திடலுக்குத் திரும்பினேன்.
மதகிலிருந்து டிராக்டர் கிளம்பும் சத்தம்.
இருநூறு மீட்டர்.
கருவிக்குக் கேட்கக் கூடாத தூரம் என்று நானே அளந்தது.

நாற்பதாயிரத்து எழுநூற்றுப் பதினொன்று.
பதினொன்று.
கேட்கவில்லை.